வெயில் ஊரில் வைட்டமின் டி குறைவு: கர்ப்பிணிக்கும் பச்சைக் குழந்தைக்கும் வீட்டில் என்ன செய்யலாம்

கன்னியாகுமரியில் சூரியன் உதிப்பதைப் பார்க்க ஊர் உலகமெல்லாம் வண்டி பிடித்து வருகிறது. அந்த மாவட்டத்துப் பெண்ணுக்கு வைட்டமின் டி குறைவு என்று ரிசல்ட் வந்தால் வீட்டில் யார் நம்புவார்கள்? "வெயில்ல வெந்து கெடக்கோம், இதுல இது வேறயா" என்றுதான் மாமியார் கேட்பார். ஆனால் கடற்கரையில் கூட்டம் கூடிப் பார்க்கிற அந்த உதய வெயிலிலும் சரி, அஸ்தமன வெயிலிலும் சரி, வைட்டமின் டி கிட்டத்தட்ட கிடையாது. தோலில் அதை உண்டாக்குவது புற ஊதா பி கதிர். சூரியன் தாழ்வாக இருக்கும்போது அந்தக் கதிர் காற்று மண்டலத்தைச் சாய்வாக, நெடுந்தூரம் கடந்து வர வேண்டியிருப்பதால் ஓசோன் படலமே அதில் பெரும்பகுதியை உறிஞ்சிவிடும். மிச்சம் வருவது வெளிச்சமும் கொஞ்சம் சூடும்தான்.

நான் மார்த்தாண்டம் பக்கம் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறேன். கர்ப்பிணிகளின் சீட்டும் கைக்குழந்தைகளின் சீட்டும் தினமும் கைக்கு வரும். டாக்டர் எழுதியது பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும், வீட்டுக்குப் போன பிறகு எந்த மாத்திரையை எதோடு சேர்த்து, எத்தனை நாளைக்கு ஒருமுறை சாப்பிடுகிறார்கள் என்பதில்தான் கோளாறு. அதனால் இது டாக்டருக்குப் பதிலாக எழுதியது இல்லை. அவர் சொன்னதை வீட்டில் குழப்பமில்லாமல் செய்ய எழுதியது.

முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறக்கிற குழந்தையிடம் உள்ள வைட்டமின் டி முழுக்க அம்மா கொடுத்தது. நஞ்சுக்கொடி வழியாகப் போகும், தொப்புள்கொடி ரத்தத்தில் பார்த்தால் தாயின் ரத்தத்தில் உள்ள அளவில் ஏறக்குறைய பாதி முதல் முக்கால் பங்கு இருக்கும். அம்மாவிடமே குறைவு என்றால் குழந்தைக்கு அதிலும் குறைவு. அந்தக் கையிருப்பும் நாள்பட நிற்காது, இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை பாதி பாதியாகக் கரையும். தாய்ப்பாலில் வருமே என்று கேட்பீர்கள். தாய்ப்பாலைப் போல ஒன்று உலகத்தில் இல்லை, ஆனால் வைட்டமின் டி விஷயத்தில் மட்டும் அது ஏழை. ஒரு லிட்டர் பாலில் 80 யூனிட்கூடத் தேறுவது அபூர்வம், குழந்தைக்கு ஒரு நாளைக்குத் தேவை 400 யூனிட். அதனால் கர்ப்ப காலத்தில் அம்மாவுக்குச் சரி செய்ய வேண்டும், பிறந்ததும் குழந்தைக்குத் தனியாகச் சொட்டு மருந்து கொடுக்க வேண்டும். ஒன்று செய்தாயிற்று என்பதற்காக மற்றதை விட முடியாது.

யாருக்குக் குறையும்?

நம் மாவட்டத்தில் யார் யார் பகல் வெயிலைப் பார்ப்பதில்லை என்று யோசித்துப் பாருங்கள். அண்டியாபீஸில், அதாவது முந்திரிப் பருப்பு ஆலையில், காலையில் நுழைந்து பொழுது சாயும்போது வெளியே வருகிறவர்கள். நாகர்கோவில் துணிக்கடைகளில் நிற்கிற பிள்ளைகள். ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் வெளியில்தானே வேலை செய்கிறார்கள் என்றால், அவர்கள் போவது விடியும் முன்னே, நிற்பது மர நிழலில். தோவாளை பூச்சந்தையும் வெயில் ஏறும் முன்பே பாதி முடிந்துவிடும். வீட்டில் இருப்பவர்களுக்கும் சுற்றிலும் தென்னையும் பலாவும் மாவும் நின்று முற்றத்தில் வெயில் துண்டு துண்டாகத்தான் விழும். இதில் டாக்டர் படுக்கையில் இருக்கச் சொன்னவர்கள், உடல் முழுக்க மூடி உடுத்துபவர்கள், உடல் எடை அதிகம் உள்ளவர்கள், வலிப்புக்கு ஃபெனிட்டாயின், ஃபீனோபார்பிட்டோன் போன்ற மாத்திரை சாப்பிடுபவர்கள், அடுத்தடுத்து கர்ப்பமானவர்கள் இவர்களுக்கெல்லாம் குறைவதற்கான வாய்ப்பு இன்னும் கூடுதல். நம் தோல் நிறமும் ஒரு காரணம். கறுப்புத் தோலில் உள்ள மெலனின் அந்தக் கதிரைத் தடுக்கும், அதனால் வெள்ளைக்காரர்களுக்குப் பத்து நிமிடத்தில் கிடைப்பது நமக்குக் கிடைக்க அதைவிட நேரம் ஆகும்.

அறிகுறி? பலருக்கு ஒன்றுமே இருக்காது. இருந்தால் இடுப்பு வலி, முதுகு வலி, தொடை வலி, தரையில் உட்கார்ந்தால் கையூன்றி எழ வேண்டியிருப்பது, மாடிப்படி ஏறினால் கால் கனப்பது. இதெல்லாம் கர்ப்பத்தில் சாதாரணமாகவே வருவதுதானே என்று விட்டுவிடுவார்கள், அதுதான் சிக்கல். உட்கார்ந்து எழுவதே கஷ்டமாக இருந்தால் அடுத்த செக்கப்பில் அதை வாய்விட்டுச் சொல்லுங்கள்.

வெயிலில் நிற்பது எப்படி

நிழலைப் பாருங்கள், அது போதும். உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் அந்த வெயிலில் வைட்டமின் டி உண்டு, நீளமாக இருந்தால் ஒன்றும் இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். நாம் இருப்பது பூமத்திய ரேகையிலிருந்து 8 டிகிரி வடக்கில்தான், ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும் ஆகஸ்ட் கடைசியிலும் சூரியன் நேர் உச்சிக்கே வந்துவிடும். அதனால் மழை மேகம் மூடாத நாளென்றால் மார்கழியில்கூட காலை பத்தரை மணிக்கு மேல் பகல் 2 மணிக்குள் நிழல் குட்டையாகத்தான் இருக்கும். டெல்லிக்காரர்களுக்கு மூடுபனிக் காலத்தில் இல்லாத வசதி இது. நமக்கு இடைஞ்சல் மழைதான், ஆனி ஆடியில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு மழை என்று இரண்டு பருவமும் நம் மாவட்டத்தில் வந்து விழும். அந்த மாதங்களில் வெயிலை நம்பாமல் மாத்திரையை நம்புங்கள்.

உச்சி வெயிலில் கர்ப்பிணி நிற்பதா என்று பயப்பட வேண்டாம், மணிக்கணக்கில் நிற்கச் சொல்லவில்லை. பத்தரை, பதினொரு மணி வாக்கில் மொட்டை மாடியில் துணி காயப்போடும் நேரம், முற்றத்தில் நெத்தோலி உணத்தும் நேரம், அவ்வளவுதான். முழங்கைக்குக் கீழும் முழங்காலுக்குக் கீழும் வெயில் படும்படி 20 நிமிடம், முடிந்தால் அரை மணி நேரம், வாரத்தில் நாலைந்து நாள். சாப்பிடாமல் போகாதீர்கள், தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள், தலை சுற்றினால் உடனே உள்ளே வந்துவிடுங்கள். கர்ப்பத்தில் சிலருக்கு முகத்தில் மங்கு விழும், வெயில் பட்டால் அது இன்னும் கறுக்கும். அவர்கள் தலையில் ஒரு தோர்த்துத் துண்டைப் போட்டு முகத்தை மறைத்துக்கொண்டு கையையும் காலையும் மட்டும் வெயிலில் காட்டினால் போதும், முகத்தில்தான் பட வேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை. மூடி உடுத்துபவர்களுக்கு ஆள் பார்க்காத மாடியோ, மதில் சுற்றிய கொல்லையோ இருந்தால் அங்கே. ஜன்னல் கண்ணாடிக்கு உள்ளே உட்கார்ந்து வெயில் காய்வது வீண், கண்ணாடி அந்தக் கதிரை உள்ளே விடாது. சன்ஸ்கிரீன் தடவிக்கொண்டு நின்றாலும் அப்படித்தான்.

"வெயில்ல நின்னா பிள்ளை கறுத்துப் போவும்" என்று யாராவது சொல்லுவார்கள். வயிற்றுக்குள் இருக்கும் பிள்ளையை வெயில் கறுக்க வைக்காது. விட்டுத் தள்ளுங்கள்.

மாத்திரையும் நேரமும்

ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் கால்சியம் மாத்திரையில் வைட்டமின் டி உண்டு என்பதே பலருக்குத் தெரியாது. மத்திய சுகாதார அமைச்சகத்தின் 2014 வழிகாட்டுதல்படி ஒரு மாத்திரையில் 500 மில்லிகிராம் கால்சியமும் 250 யூனிட் வைட்டமின் டி3யும் இருக்கும். நாளுக்கு இரண்டு, கர்ப்பத்தின் 14ஆவது வாரத்திலிருந்து தொடங்கி பிரசவத்துக்குப் பிறகு ஆறு மாதம் வரை. பிரசவம் முடிந்த அன்றே நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம், பேறுகால லேகியம் மட்டும் தவறாமல் நடக்கும். லேகியம் சாப்பிடுங்கள், கூடவே இதையும் சாப்பிடுங்கள்.

கால்சியத்தையும் இரும்புச்சத்து மாத்திரையையும் ஒன்றாக விழுங்காதீர்கள், இரும்பு உடலில் சேராமல் போகும். இரண்டுக்கும் நடுவில் குறைந்தது இரண்டு மணி நேரம் வேண்டும். கால்சியம் வெறும் வயிற்றில் கூடாது, வயிறு எரியும், சாப்பாட்டோடுதான். தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு, அதற்கும் கால்சியத்துக்கும் நாலு மணி நேர இடைவெளி வேண்டும், இரும்புக்கும் அப்படியே. எல்லாவற்றையும் காலையிலேயே முடித்துவிடலாம் என்று ஒரே மடக்கில் விழுங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குத் தலை வலிக்கும். அவர்களுக்கு நான் சீட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுப்பது இது: காலை 6 மணிக்கு வெறும் வயிற்றில் தைராய்டு. 11 மணிக்கு இரும்பு, எலுமிச்சைத் தண்ணீரோடு. மதியச் சாப்பாட்டோடு ஒரு கால்சியம், ராத்திரிச் சாப்பாட்டோடு ஒரு கால்சியம். இரும்பு சாப்பிட்ட உடனே சாயா குடிக்கக் கூடாது, கட்டன் சாயாவும் சாயாதான். தைராய்டு இல்லாதவர்களுக்கு இவ்வளவு பாடு இல்லை, காலை உணவோடும் இரவு உணவோடும் கால்சியம், நடுவில் இரும்பு.

அடுத்து 60,000 யூனிட். சின்னப் பொட்டலமாக, பாலில் கலக்கிக் குடிக்கிற பொடியாக வரும், காப்சூலாகவும் குட்டி பாட்டிலாகவும்கூட வரும். பெரும்பாலும் வாரத்துக்கு ஒன்று என்று சில வாரங்களுக்கு எழுதுவார்கள். ஒருமுறை ஒரு வீட்டுக்காரர் நாலு பொட்டலம் வாங்கிப் போய் நாலே நாளில் திரும்ப வந்து "அது தீந்து போச்சு, இன்னும் நாலு வேணும்" என்றார். சீட்டில் வாரத்துக்கு ஒன்று என்றுதான் எழுதியிருந்தது, ஆங்கிலத்தில். அவர் மனைவியோ தினமும் ராத்திரி பாலில் கலக்கிக் குடித்திருக்கிறார். டாக்டரைப் போய்ப் பார்க்கச் சொல்லித் திருப்பி அனுப்பினேன். இது கொழுப்பில் கரையும் சத்து, வைட்டமின் சி போல மிஞ்சினது மூத்திரத்தில் போய்விடும் என்று நினைக்காதீர்கள், உடம்பிலேயே தங்கும். மிஞ்சினால் ரத்தத்தில் கால்சியம் ஏறும், ஓங்கரிப்பு, வாந்தி, மலச்சிக்கல், தீராத தாகம், அடிக்கடி மூத்திரம் என்று வரும். அதனால் வீட்டு காலண்டரில் ஞாயிறுதோறும் ஒரு வட்டம் போட்டு வையுங்கள், கோயிலுக்கோ சர்ச்சுக்கோ போய் வந்து மதியச் சாப்பாட்டோடு ஒன்று. மீன் குழம்போ முட்டையோ இருக்கிற சாப்பாடாக இருந்தால் நல்லது, கொழுப்பு சேர்ந்தால்தான் நன்றாக உறிஞ்சும். பக்கத்து வீட்டு அக்காவுக்கு எழுதின பொட்டலத்தை நீங்கள் சாப்பிடாதீர்கள். சிறுநீரகக் கல், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் தொடவே வேண்டாம்.

தினசரி அளவு எவ்வளவு என்று கேட்பவர்களுக்கு: கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்கு 600 யூனிட் தேவை என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2020இல் சொன்ன கணக்கு. டாக்டர் சொல்லாமல் 4000ஐத் தாண்டக் கூடாது. சில பெட்டிகளில் மைக்ரோகிராம் கணக்கில் போட்டிருப்பார்கள், 1 மைக்ரோகிராம் என்றால் 40 யூனிட்.

ரத்தப் பரிசோதனை எல்லோருக்கும் தேவையில்லை. உலக சுகாதார நிறுவனமும் கர்ப்பிணிகள் எல்லோருக்கும் வைட்டமின் டி மாத்திரை கொடுத்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை, குறைவு இருக்கலாம் என்று தோன்றுகிறவர்களுக்குத்தான் சொல்கிறது. மேலே சொன்ன பட்டியலில் நீங்கள் இருந்தால், அல்லது எலும்பு வலி இருந்தால், டாக்டரிடம் கேட்டுவிட்டு எடுக்கலாம். சோதனையின் பெயர் 25 ஹைட்ராக்சி வைட்டமின் டி. ஒரு மில்லிக்கு 20 நானோகிராமுக்குக் கீழே என்றால் குறைவு, 12க்கும் கீழே போனால் ரொம்பக் குறைவு. ரிசல்ட் தாளில் அலகைப் பாருங்கள், சில லேப்களில் நானோமோல் கணக்கில் வரும், அதை 2.5ஆல் வகுத்தால் நானோகிராம். 45 என்று பார்த்து நிம்மதியாக இருப்பவருக்கு உண்மையில் 18தான் இருக்கும்.

சாப்பாட்டில் கிடைக்குமா

கொஞ்சம் கிடைக்கும், மற்ற ஊர்க்காரர்களைவிட நமக்குக் கூடுதலாகவே கிடைக்கும். குளச்சலிலும் முட்டத்திலும் தேங்காப்பட்டணத்திலும் வந்து இறங்குகிற சாளை (மத்தி), அயிலை (கானாங்கெளுத்தி), சூரை எல்லாம் எண்ணெய்ப் பசை உள்ள மீன்கள், வைட்டமின் டி இருக்கிற சொற்ப உணவுகளில் இவை சேரும். மரச்சீனிக் கிழங்கும் சாளைக் குழம்பும் ஏழைச் சாப்பாடு என்று யாராவது முகம் சுளித்தால் சுளிக்கட்டும். நெத்தோலியை முள்ளோடு சாப்பிட்டால் கால்சியமும் சேரும். பொரித்தெடுப்பதைவிடக் குழம்பு வைப்பது மேல். முட்டை மஞ்சள் கருவில் சுமார் 40 யூனிட். பால் பாக்கெட்டில் நீல நிறத்தில் கூட்டல் குறியோடு ஆங்கில எஃப் எழுத்து போட்டிருந்தால் அது செறிவூட்டிய பால், லிட்டருக்கு 200 முதல் 300 யூனிட் வரை சேர்த்திருப்பார்கள். சைவக்காரர்களுக்கு அதுதான் வழி. முருங்கைக் கீரையிலும் கேழ்வரகிலும் கால்சியம் உண்டு, வைட்டமின் டி கிடையாது.

இரண்டு விஷயத்தில் மட்டும் கவனம். பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கச் சுறாப் புட்டு வைத்துக் கொடுப்பது நம் பக்கத்துப் பழக்கம். பெரிய சுறாவில் பாதரசம் சேர்ந்திருக்கும், கர்ப்பிணியும் பாலூட்டுபவரும் அதைத் தவிர்ப்பது நல்லது, சின்ன மீன் போதும். இன்னொன்று, மீன் எண்ணெய் மாத்திரை என்று கேட்டு வாங்குகிற மஞ்சள் குண்டு பெரும்பாலும் காட் மீனின் ஈரல் எண்ணெய். அதில் வைட்டமின் ஏ அதிகம், கர்ப்பத்தில் அது மிஞ்சினால் குழந்தைக்கு ஆகாது. கடையில் கேட்கும்போது "மாசமா இருக்கேன்" என்று சொல்லுங்கள், நாங்களே தர மாட்டோம்.

குழந்தை பிறந்த பிறகு

ஒரு நாளைக்கு 400 யூனிட், பிறந்த முதல் நாட்களிலிருந்தே, ஒரு வயது வரை. இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் சொல்வது இதுதான். மாதம் நிறையாமல் பிறந்த, எடை குறைந்த குழந்தைக்கு எப்போது தொடங்குவது, எவ்வளவு என்பதை ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியோ வேறு ஆஸ்பத்திரியோ, டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதியிருப்பதைப் பார்த்துச் செய்யுங்கள். மாவுப் பால் குடிக்கிற குழந்தைக்கு அதிலேயே சேர்த்திருப்பார்கள், ஆனால் நாளைக்கு ஒரு லிட்டர் அளவுக்குக் குடிக்காதவரை அது போதாது, டாக்டரிடம் கேளுங்கள்.

சொட்டு மருந்து பாட்டிலில்தான் பெரிய அபாயம் இருக்கிறது. ஒரு மில்லியில் 400 யூனிட் உள்ளதும் கடையில் இருக்கிறது, ஒரு மில்லியில் 800 உள்ளதும் இருக்கிறது, அட்டைப் பெட்டி இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். முதலாவதில் 1 மில்லி, இரண்டாவதில் அரை மில்லி. போன மாதம் வாங்கின பாட்டிலும் இந்த மாதம் வாங்கின பாட்டிலும் ஒரே கம்பெனி, ஒரே அளவு என்று எண்ணிவிடாதீர்கள், ஒவ்வொரு முறையும் பெட்டியில் உள்ள எண்ணைப் படியுங்கள். அந்தப் பாட்டிலோடு வந்த டிராப்பரைத்தான் பயன்படுத்த வேண்டும், காய்ச்சல் மருந்தின் டிராப்பரை இதில் முக்கினால் கணக்கு மாறிப்போகும். டிராப்பரை வெளிச்சத்தில் கண்ணுக்கு நேரே பிடித்து, கோட்டில் மருந்து நிற்கிறதா, நடுவில் காற்றுக் குமிழ் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, குழந்தையின் தலையைக் கொஞ்சம் உயர்த்திக் கன்னத்தின் உள்பக்கமாக மெதுவாக விடுங்கள். நேரே தொண்டையில் விட்டால் புரையேறும். துப்புகிற குழந்தையென்றால் பிழிந்த தாய்ப்பால் கொஞ்சம் சங்கில் எடுத்து அதில் கலந்து புகட்டலாம். முழுப் பாட்டில் பாலில் கலக்காதீர்கள், மிச்சம் வைத்தால் மருந்தும் மிச்சம். தேனில் குழைத்துத் தருவது வேண்டவே வேண்டாம், ஒரு வயது வரை தேன் கூடாது. ஒரு நாள் மறந்தால் மறுநாள் இரட்டிப்பாகத் தராதீர்கள், வழக்கமான அளவே போதும். வீட்டில் யார் கொடுப்பது என்று ஒருவரை முடிவு செய்துகொள்ளுங்கள், அம்மா ஒருமுறை, பாட்டி ஒருமுறை என்று இரண்டு தடவை போய்விடக் கூடாது.

பச்சைக் குழந்தையை வைட்டமின் டிக்காக வெயிலில் போட வேண்டாம். காலை இளவெயிலில் அது இல்லை, உச்சி வெயில் அந்தத் தோலுக்குத் தாங்காது. உருக்கெண்ணெய் (தேங்காய்ப் பால் காய்ச்சி எடுக்கும் எண்ணெய்) தேய்த்துக் குளிப்பாட்டுவது நல்ல பழக்கம்தான், அதிலும் வைட்டமின் டி கிடையாது. மஞ்சள் காமாலைக்கு வெயில் காட்டுகிறோம் என்று வீட்டிலேயே வைத்துக்கொண்டிருப்பதும் சரியில்லை, கண்ணும் உடம்பும் மஞ்சளாகத் தெரிந்தால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். குழந்தைக்குக் கொடுக்காமல் தாயே தினம் 6400 யூனிட் சாப்பிட்டால் பாலிலேயே போதுமான அளவு போகிறது என்று 2015இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது உண்மை. அதை உங்கள் டாக்டர் சொன்னால் செய்யுங்கள், நீங்களாகத் தொடங்காதீர்கள்.

அம்மாவுக்கு ரொம்பக் குறைவாக இருந்த குழந்தைக்கு ரத்தத்தில் கால்சியம் இறங்கி வலிப்பு வரலாம், முதல் சில வாரங்களிலேயே. கை கால் நடுங்கினால் அந்தக் கையை மெல்லப் பிடித்துப் பாருங்கள், பிடித்ததும் நின்றால் வெறும் நடுக்கமாக இருக்கலாம், பிடித்த பிறகும் உங்கள் கைக்குள் துடித்துக்கொண்டே இருந்தால் அது வலிப்பு. கண் ஒரே பக்கம் நிலைகுத்துவது, வாய் சப்புவதுபோல ஓயாமல் அசைவது, நீலம் பாரிப்பது, மூச்சு இழுக்கும்போது கிறீச்சென்று சத்தம், பால் குடிக்காமல் துவண்டு கிடப்பது, இதில் எது இருந்தாலும் சன்னி, கண்ணேறு என்று ஓதிப் பார்க்க நேரம் கடத்தாமல் 108ஐக் கூப்பிடுங்கள். சர்க்கரை இறங்கினாலும் கிருமித் தொற்று இருந்தாலும் இதேபோல வரும், எது என்று ஆஸ்பத்திரியில் பார்த்தால்தான் தெரியும். நடுக்கம் பிடித்ததும் நின்றுபோனாலும் அன்றைக்கே டாக்டரிடம் காட்டிவிடுவது நல்லது. வளர வளர உச்சிக்குழி மூடத் தாமதம், பல் முளைக்கத் தாமதம், மணிக்கட்டு தடித்துத் தெரிவது, நடக்கத் தொடங்கியதும் கால் வளைவது எல்லாம் ரிக்கெட்ஸ் என்கிற எலும்பு வலுவிழக்கும் நோயின் அடையாளம்.

ஆறு மாதத்தில் ஏத்தங்காய் (நேந்திரங்காய்) பொடிக் கஞ்சி தொடங்கியதும் சிலர் சொட்டு மருந்தை நிறுத்திவிடுகிறார்கள், அந்தக் கஞ்சியில் வைட்டமின் டி இல்லை, ஒரு வயது வரை தொடருங்கள். ஒன்றரை மாத ஊசிக்குப் போகும்போது மருந்துப் பாட்டிலையும் டிராப்பரையும் பையில் போட்டுக் கொண்டு போங்கள், எந்தக் கோடு வரை எடுக்கிறீர்கள் என்பதை நர்ஸிடமோ டாக்டரிடமோ ஒருதரம் எடுத்துக் காட்டுங்கள். அம்மாவின் கால்சியம் மாத்திரை தீர்ந்திருந்தால் அன்றைக்கே கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.